மலைப்பாதையில் பைக்: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

குளிர்காற்று:
சீசனில் ஊட்டிக்குக் குன்னூர் வழியே ஏற்றி, கோத்தகிரி வழியே இறக்கிவிடுவார்கள் இல்லையா, அப்படி இறங்கி வந்தேன். குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் மேலேயே பலாப்பழ வாசனை தூக்கியது. ஒரு வளைவைத் திரும்பினால் ரோட்டோரத்தில் கொம்பன் யானை. எனக்கு முன்னால் இரண்டு கார்கள், பின்னால் அரசு பஸ். பஸ் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.

அது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பலாப்பழத்தைத் தும்பிக்கையால் உருட்டி, முன்னங்காலை மேலே வைத்து, பாரத்தைப் போடாமல் லேசாக அழுத்தியது. பழம் பிளந்தது, நசுங்கவில்லை. அவ்வளவு பெரிய காலுக்கு அத்தனை பதம்!

ஆனால் நான் எழுத வந்தது யானையைப் பற்றி இல்லை. கீழேயிருந்து ஒரு அம்மா ஸ்கூட்டரில் வந்தார், ஹேண்டிலில் சாப்பாட்டுப் பை. நிறுத்தவில்லை, வேகமும் கூட்டவில்லை. எதிர் ஓரமாக ஒரே சீராகப் போனார். யானையைத் தாண்டும்போது "சாமி, வழி விடு" என்றது எனக்குக் கேட்டது. அதன் காது ஒரு தடவை அசைந்தது, அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு என்ன தெரிந்திருந்தது? யாராவது சொல்லுங்கள்.

மசினகுடி ரிட்டர்ன்:
அந்த அம்மாவைப் பார்த்து யாரும் முயற்சி செய்துவிடாதீர்கள். யானைக்கு அன்றைக்கு வாய் நிறையப் பழம், அதனால் தப்பித்தார். இதைக் கதையாகச் சொல்வதே எனக்குப் பிடிக்கவில்லை.

என்னுடையது கல்லட்டி. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏற்றம், 36 கொண்டை ஊசி வளைவு, பின்னால் மச்சான். இரண்டாவது கியரில் வண்டி திணறி முதல் கியருக்கு வந்துவிட்டது. வளைவின் வாயிலேயே இறங்குகிற கார் ஒன்று நின்றிருந்தது. டி.என். 43, நீலகிரி வண்டிதான்; இறங்க வருகிற வெளியூர் வண்டியை மேலே தலைக்குந்தாவிலேயே மடக்கிவிடுவார்களே. முன்சக்கரத்திலிருந்து புகை, ரப்பர் தீய்ந்த நாற்றம். ஓட்டியவர் குடிதண்ணீரை அப்படியே பிரேக் டிஸ்க்கில் ஊற்றுகிறார், 'சொய்ங்' என்று ஆவி கிளம்புகிறது. பின்சீட்டில் ஒரு சின்னப் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புதான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அவளுக்கு அது ஏதோ வேடிக்கை.

ஸ்பேனர் மாமா:
பர்லியாறு பக்கம் எனக்கும் ஒரு தடவை முன் பிரேக் லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போனது. எப்படியோ நிறுத்தினேன். அதை விடுங்கள், விஷயத்துக்கு வருவோம்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது கணக்கு. ஈரம் ஏறிவிட்டால் அந்தக் கணக்கே 155 டிகிரிக்கு இறங்கிவிடும். இறக்கம் முழுக்க லீவரைப் பிடித்தபடியே வந்தால் ஆயில் கொதித்து உள்ளே ஆவிக்குமிழி விழும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். லீவர் கைப்பிடியைத் தொடும், வண்டி நிற்காது. ஆகவே ஏறின கியரிலேயே இறங்குங்கள், வேகத்தை இன்ஜின் பிடித்துக்கொள்ளட்டும். பிரேக்கை அழுத்தி விடு, அழுத்தி விடு. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குபவர்களிடம் பேசிப் பயனில்லை. ஸ்கூட்டர் இன்னும் மோசம். ஆக்சிலேட்டரை விட்டு வேகம் குறைந்தால் உள்ளே கிளட்ச் தானாகவே விட்டுவிடும், பிறகு இன்ஜின் பிடிப்பு கிடையாது. அந்த அம்மா ஏறிக்கொண்டிருந்ததால் சரி. சூடேறிய டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றுவது தப்பு, கோணிப்போகும். ஓரங்கட்டிவிட்டு ஒரு டீ குடியுங்கள், தானே ஆறும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள்.

குளிர்காற்று:
மாமா, என் வண்டி பிரேக் நன்றாகவே இருக்கிறது. நான் கேட்டது அந்த அம்மாவைப் பற்றி.

வத்தலக்குண்டு தம்பி:
மசினகுடி அண்ணா, ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழி. அது மலைக்காரர்களின் பழக்கம் மட்டுமில்லை, 2017-ம் வருஷத்து ஓட்டுநர் ஒழுங்குமுறைகளிலேயே இருக்கிறது. அந்தக் கார் வளைவின் வாயில் நின்றதே தப்பு, புகைந்தாலும் சரி.

நான் பழனி வழியாகக் கொடைக்கானல் போனேன். வடகவுஞ்சிப் பிரிவு தாண்டியதும் பனிமூட்டம் இறங்கிவிட்டது. ஹைபீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான், ஆகவே லோபீம். திடீரென்று வெளிச்சத்தில் நாலு வெள்ளைக் கால்கள், முட்டிக்குக் கீழே மட்டும். அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. என்னடா இது என்று நிறுத்தின பிறகுதான் மேலே மூச்சுச் சத்தம் கேட்டது. காட்டுமாடு. உடம்பு கறுப்பு, இருட்டோடு இருட்டாகிவிட்டது. கால் மட்டும் காலுறை போட்டதுபோல வெளுப்பு. பெருமாள்மலை போய்ச் சேரும்வரை ரோட்டோரத்தில் வெள்ளையடித்த ஒவ்வொரு கல்லும் எனக்குக் கால்தான்.

மசினகுடி ரிட்டர்ன்:
தம்பி, புகைகிற காரை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? கல்லட்டியில் ஒதுங்க இடம் எங்கே இருக்கிறது? சட்டம் எல்லாம் சமவெளியில் உட்கார்ந்து எழுதுவது.

அரவேணுக்காரி:
குளிர்காற்று, அந்த அக்கா யார் என்று தெரியாது. ஆனால் நானும் அந்த ரோட்டில்தான் வேலைக்குப் போய் வருகிறேன், அதனால் சொல்கிறேன். வாலும் காதும் சாவகாசமாக ஆடிக்கொண்டிருந்தால் அது தன் பாட்டுக்கு இருக்கிறது. காதை விரித்து, அசையாமல் நம்மையே பார்த்தால் திரும்பிவிட வேண்டியதுதான். அவர் அதைத்தான் தூரத்திலேயே பார்த்திருப்பார். தைரியம் என்று நினைக்காதீர்கள். வீட்டில் அடுப்பு பற்றவைக்கணும், வேறு ரோடு இல்லை. நீங்கள் டூரிஸ்ட், நீங்கள் நில்லுங்கள். பஸ் டிரைவர் செய்ததுதான் சரி. நானும் பாதி நாள் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றுதான் வருகிறேன். "சாமி" என்று நாங்கள் எல்லோருமே சொல்வோம். அது யானைக்குக் கேட்கவா, எங்கள் கை நடுங்காமல் இருக்கவா, தெரியாது.

ஸ்பேனர் மாமா:
டிரம் பிரேக் வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல விட்டுப்போயிற்று. அதில் கொதிக்க ஆயிலே கிடையாது, ஆனால் டிரம் சூடாகி விரிந்தால் லைனிங் எட்டாது, பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். மலைக்குக் கிளம்பும் முன் கேபிளையும் லைனிங்கையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். அப்புறம் டயர் காற்று விஷயம்...