ஃபேன் சத்தத்தை எதிர் அலையால் அடக்கலாமாம், அதுவும் யூஎஸ்பி சவுண்ட் கார்டில்!

ஓம்_விதி: "கம்ப்யூட்டர் கேபினட்டுக்குள் ஒரு மைக், 2 அங்குல ஸ்பீக்கர், யூஎஸ்பி சவுண்ட் கார்டு. சத்தத்துக்கு நேர் தலைகீழான அலையை ஸ்பீக்கர் விடும், ஃபேன் சத்தம் பூஜ்ஜியம்" என்று ஒரு பதிவு சுற்றுது. சுத்தப் பொய். அந்த கார்டுக்குள் ஒலி போய்த் திரும்ப 10 மில்லி செகண்டாவது ஆகும். ஃபேனுக்கும் ஸ்பீக்கருக்கும் 30 செ.மீ. அதை ஒலி 0.9 மில்லி செகண்டில் தாண்டிடும். எதிர் அலை கிளம்பும்போது சத்தம் 3 மீட்டர் தள்ளிப் போயிருக்கும்.

டேகோ_தம்பி: அண்ணே, பதிவு என்னுது இல்ல. ஆனா உங்க வாதம் தப்பு. 7 இறக்கை, 1200 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 1200 சுற்று): 1200÷60×7 = 140 ஹெர்ட்ஸ். திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வர்ற ஓசை. இந்தச் சுற்று தப்பினா அடுத்த சுற்றில் பிடிக்கலாம். சத்தத்தை முன்கூட்டியே கேட்டுச் சொல்ற ரெஃபரன்ஸ் மைக்கே வேண்டாம். ஃபேன் வேகத்தைச் சொல்ற டேகோ வயர் சுற்றுக்கு 2 பல்ஸ் தருது, அதை 3.5 மடங்காக்கினா 140. அந்த 140 ஹெர்ட்ஸ் சைன், கொசைன் அலைகளை எல்எம்எஸ்-க்குக் கொடுங்க, மிச்சச் சத்தத்தைப் பார்த்து எதிர் அலையைத் தானே திருத்திக்கிற கணக்குமுறை அது. டேகோ ஓப்பன் கலெக்டர், தானா வோல்ட்டேஜ் தராது; 3.3 வோல்ட்டுக்கு 10கே புல்-அப் ரெசிஸ்டர் மறக்காதீங்க.

சர்வர்_ரூம்: முதல்ல "சத்தம்"னா எது? 140 ஹெர்ட்ஸ் ரீங்காரமா, காற்றோட உஸ்ஸா?

ஓம்_விதி: 10 மில்லி செகண்டுக்கு யாரும் பதில் சொல்லல. ஒரு முழு அலை 360 டிகிரின்னா, 140 ஹெர்ட்ஸில் அது 504 டிகிரி தம்பி. ஆபரேட்டிங் சிஸ்டம் அந்தத் தாமதத்தை 1 மில்லி செகண்ட் ஆட்டினாலே 50 டிகிரி போச்சு. 10 டெசிபல் குறையவே பிழை 18 டிகிரிக்குள் இருக்கணும். 90-ஐத் தாண்டினா எல்எம்எஸ் ஓடிப்போய் ஸ்பீக்கரே அலறும்.

டேகோ_தம்பி: தாமதம் நிலையா இருந்தா அளந்துடலாம். ஃபேனை நிறுத்தி, ஸ்பீக்கரில் வெள்ளை இரைச்சல் விட்டு, எரர் மைக்கில் (மிச்சச் சத்தத்தைக் கேக்கிற மைக்) பதிஞ்சு அந்தப் பாதையை மாடல் பண்ணுங்க. மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே கார்டில், ஒரே கிளாக்கில் இருக்கணும். டேகோவை மின்னழுத்தம் குறைச்சு இடது சேனலில், மைக்கை வலதில்.

ஓம்_விதி: இடது சேனலா? பதிவில் இருக்கிற கார்டுக்கு மைக் இன்புட் மோனோ, ஒரே சேனல்தான்! படத்தையாவது பார்த்தீங்களா?

டேகோ_தம்பி: பதிவு என்னுது இல்லன்னு முதல் வரியிலேயே சொல்லிட்டேன்.

சர்வர்_ரூம்: 1யூங்கிற ஒல்லியான சர்வர்ல 40 மி.மீ. ஃபேன், 5 இறக்கை, 15000 ஆர்பிஎம்: 1250 ஹெர்ட்ஸ். அலைநீளம் 27 செ.மீ. திறந்த அறையில் அமைதி கிடைக்கிறது மைக்கைச் சுற்றி அதில் பத்தில் ஒரு பங்குக்குத்தான். 3 செ.மீ.கூட இல்ல. தலையைத் திருப்பினா போச்சு.

காற்றுவழி: எதுக்கு இந்தப் பாடு? 1200-ஐ 900 ஆக்குங்க, 6 டெசிபல் குறையும்.

ஓம்_விதி: காற்றும் கால்வாசி குறையும். தெர்மல் பேஸ்ட் விவாதத்திலும் நீங்க இப்படித்தான் பாதியை மட்டும் சொன்னீங்க.

காற்றுவழி: பேஸ்டைப் பட்டாணி அளவு வைக்கச் சொன்னேன், வெண்ணெய் மாதிரி தடவினது நீங்க. அதை ஏன் இங்க இழுக்கிறீங்க?

ஓம்_விதி: இழுத்தாதான் உங்க லட்சணம் தெரியும். 2012 கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில் நாக்டுவா, ரோட்டோசப் கம்பெனிகள் இறக்கையையே ஸ்பீக்கராக்கிக் காட்டினாங்க. இறக்கையில் காந்தம், சட்டத்தில் காயில். ஏன் தெரியுமா? சத்தம் பிறக்கிற இடத்திலேயே எதிர் அலையும் பிறக்கணும். 30 செ.மீ. தள்ளி இல்ல.

டேகோ_தம்பி: அவங்களும் வெட்டினது இறக்கை ஓசையைத்தான் அண்ணே! 120 மி.மீ. குழாய்க்குள் வைங்க, சுமார் 1600 ஹெர்ட்ஸ் வரை அலை நேராத்தான் போகும், ஒரே ஸ்பீக்கர் போதும். ஆனா 2 அங்குலம் வேண்டாம். 140-ல் அது திணறி 280, 420-ன்னு புது ஓசையைச் சேர்க்கும். 3 அங்குலம், மூடிய பெட்டி. மைக்குக்கு ஃபோம் உறை, இல்லன்னா காற்று அடிச்சே எல்எம்எஸ் குழம்பும்.

சர்வர்_ரூம்: உஸ்ஸுக்கு டேகோ உதவாது. அது திரும்ப அதே மாதிரி வராது, அதனால அங்க ஓம்_விதி சொல்ற 0.9 மில்லி செகண்ட் கணக்குதான். சத்தம்னா எதுன்னு யாராவது சொல்லுங்களேன்.

டேகோ_தம்பி: நான் பேசறது 140 பத்தி.

ஓம்_விதி: நான் பேசறது 10 மில்லி செகண்ட் பத்தி. இன்னும் பதில் வரல.

காற்றுவழி: பேஸ்ட் விவாதத்தோட ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு வர்றேன், இருங்க.