ரௌட்டரை அணைத்துப் போட்டும் ஐபி மாறவில்லை. ஃபோனில் மாற்றினால் நெட் வரவில்லை

கம்பிவடம் (கேள்வி):

ஒரு விண்டோஸ் 11 கம்ப்யூட்டர், ஓர் ஆண்ட்ராய்டு ஃபோன், ஓர் ஐஃபோன். மூன்றும் ஒரே வைஃபையில். இரண்டு வேலை ஆக வேண்டும். கம்ப்யூட்டரில் ஷேர் செய்த ஃபோல்டரை ஃபோனிலிருந்து திறக்க, கம்ப்யூட்டருக்கு மாறாத ஒரு முகவரி. அடுத்தது, இணையதளங்களுக்குத் தெரியும் ஐபியை (இணைய முகவரி எண்ணை) மாற்றுவது.

கட்டளைத் திரையில் ஐபிகான்ஃபிக் /ரிலீஸ், பிறகு ஐபிகான்ஃபிக் /ரினியூ. மூன்று முறை அடித்தும் அதே 192.168.1.14 வருகிறது. டிஃபால்ட் கேட்வே 192.168.1.254 என்று காட்டுகிறது.

ரௌட்டரை ஒரு நிமிடம் அணைத்துப் போட்டேன். வெளி ஐபி காட்டும் தளத்தில் பழைய எண்ணேதான்.

ஆண்ட்ராய்டில் ஐபி செட்டிங்ஸை ஸ்டாட்டிக் ஆக்கி 192.168.1.150 கொடுத்தேன். கேட்வே 192.168.1.1, ப்ரிஃபிக்ஸ் 24, டிஎன்எஸ் 8.8.8.8. வைஃபை இணைகிறது, நெட் இல்லை. எங்கே தப்பு?

---

முடிச்சு:

இரண்டு வேறு முகவரிகளை ஒன்றாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 192.168.1.14 என்பது உங்கள் ரௌட்டர் உள்ளே கொடுத்த எண். அது வீட்டுச் சுவரைத் தாண்டாது. 10-இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168-இல் தொடங்குபவை எல்லாமே இப்படி உள்ளுக்குள் பயன்படுத்த ஒதுக்கியவை. இணையதளம் பார்ப்பது சேவை நிறுவனம் தந்த வெளி ஐபியை. ரிலீஸ், ரினியூ இரண்டும் உள் எண்ணோடு மட்டும்தான் பேசும். அதை நூறு முறை அடித்தாலும் வெளி ஐபி அசையாது.

உள் எண்ணும் ஏன் மாறவில்லை? ரௌட்டரில் இருக்கும் டிஎச்சிபி (தானாக ஐபி கொடுக்கும் வசதி), ஒவ்வொரு கருவியின் மேக் முகவரிக்கும் (அதன் நெட்வொர்க் வன்பொருளின் அடையாள எண்) எந்த எண் கொடுத்தோம் என்று குறித்து வைத்திருக்கும். திரும்பக் கேட்டால், அந்த எண் காலியாக இருந்தால் அதையே நீட்டும். உங்கள் கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறும் இல்லை.

மாறாத முகவரிக்கு, கம்ப்யூட்டரைத் தொடாமல் ரௌட்டரிலேயே அட்ரஸ் ரிசர்வேஷன் (ஒரு கருவிக்கு எப்போதும் ஒரே எண் என்று ஒதுக்குவது) போடுவதுதான் என் பரிந்துரை. பிரவுசரில் ரௌட்டரின் முகவரியான 192.168.1.254 திறந்து, லேன் (வீட்டு நெட்வொர்க்) அல்லது டிஎச்சிபி பக்கத்தில் கம்ப்யூட்டரின் மேக் முகவரியையும் நீங்கள் விரும்பும் எண்ணையும் சேர்த்துச் சேமியுங்கள். இப்போது ஒருமுறை ரிலீஸ், ரினியூ அடித்தால் புது எண் வந்துவிடும். லேப்டாப்பை வேறு இடத்துக்குக் கொண்டுபோனாலும் சிக்கல் வராது. பழைய கன்ட்ரோல் பேனல் வழியாக கம்ப்யூட்டரிலேயே எண்ணைக் கட்டிவைத்தால், அது அந்த வைஃபை அடாப்டருக்கே ஒட்டிக்கொள்ளும். வேறு வைஃபையில் போய் நெட் வராமல் தவிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒன்றை மட்டும் பாருங்கள்: விண்டோஸ் வைஃபை செட்டிங்ஸில் 'ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்' ஆனில் இருந்தால் மேக் முகவரி மாறலாம், ரிசர்வேஷன் பிடிக்காமல் போகலாம். அதை ஆஃப் செய்யுங்கள்.

---

நூலிழை:

ஃபோன் விஷயத்துக்கு விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. கம்ப்யூட்டர் காட்டும் கேட்வே, அதாவது வெளியே போகும் வாசலான ரௌட்டரின் எண், 254-இல் முடிகிறது. ஃபோனில் நீங்கள் கொடுத்தது 1-இல் முடிகிறது. அந்த 1 நீங்கள் அடித்ததாகவே இருக்காது. பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் ஐபி கட்டத்தை நிரப்பியதும், கேட்வே காலியாக இருந்தால், கடைசி எண்ணை 1 என்று வைத்து ஃபோனே போட்டுக்கொள்ளும். பெரும்பாலான ரௌட்டர்களுக்கு அது பொருந்தும். 254-இல் இருக்கும் ரௌட்டருக்குப் பொருந்தாது. வைஃபை இணைப்புக்குக் கேட்வே தேவையில்லை, அதனால் 'இணைந்தது' என்று காட்டும். வெளியே போகும் வாசல் தப்பு, அதனால் நெட் இல்லை. 192.168.1.254 என்று மாற்றுங்கள்.

150 என்ற எண்ணும் ஆபத்துதான். ரௌட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் எந்த எண் முதல் எந்த எண் வரை தானாகக் கொடுக்கிறது என்று இருக்கும். உதாரணமாக 100 முதல் 200 வரை என்றால், 150-ஐ ஒருநாள் வேறு கருவிக்குக் கொடுத்துவிடும். ஒரே எண்ணில் இரண்டு கருவிகள் இருந்தால் இரண்டுமே விட்டு விட்டு அறுந்துகொண்டே இருக்கும். காரணம் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அந்த வரம்புக்கு வெளியே (இந்த உதாரணத்தில் 50 போல) ஒன்றை எடுங்கள். முதலில் கம்ப்யூட்டரில் பிங் 192.168.1.50 அடித்துப் பாருங்கள். பதில் வராவிட்டால் காலி என்று உடனே நம்ப வேண்டாம், பிங்குக்கு வாயே திறக்காத கருவிகள் உண்டு. தொடர்ந்து ஆர்ப் -ஏ அடித்து, அந்தப் பட்டியலில் 50-க்கு நேராக மேக் முகவரி ஏதும் இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

ஐஃபோனில்: செட்டிங்ஸ், வைஃபை, நெட்வொர்க் பெயருக்குப் பக்கத்தில் உள்ள 'ஐ' குறி, கன்ஃபிகர் ஐபி, மேனுவல். அங்கே ப்ரிஃபிக்ஸ் கேட்காது, சப்நெட் மாஸ்க் கேட்கும்: 255.255.255.0. ஆண்ட்ராய்டின் 24-ம் இதுவும் ஒன்றேதான். டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபியாக மாற்றித் தரும் சேவை) தனிப் பக்கத்தில் இருக்கும், அதை மறந்தால் தளப் பெயர் எதுவும் திறக்காது.

ஃபோனுக்கும் ரௌட்டரில் ரிசர்வேஷன் போடுவதாக இருந்தால், ஐஃபோனில் 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்' ரொட்டேட்டிங்கில் இருக்கக் கூடாது. ஃபிக்ஸ்டு என்று வையுங்கள்.

---

அலைவரிசை:

வெளி ஐபிக்கு வருகிறேன். அதைத் தருவது சேவை நிறுவனம், எனவே மாறுமா மாறாதா என்பது அவர்கள் எப்படித் தருகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ரௌட்டரின் வேன் (வெளி இணைப்பு) பக்கத்தில் பிபிபிஓஈ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) என்று இருந்தால் டிஸ்கனெக்ட் அழுத்திச் சில நிமிடம் விட்டுக் கனெக்ட் கொடுங்கள். பல இடங்களில் புது எண் வந்துவிடும். டிஎச்சிபி என்றிருந்தால் அந்த எண்ணுக்கு ஒரு குத்தகைக் காலம் உண்டு. பாதிக் காலம் ஆனதுமே ரௌட்டர் புதுப்பித்துக்கொள்ளும். ஒரு நிமிடம் அணைத்தால் குத்தகை அப்படியே நிற்கிறது, அதனால்தான் பழைய எண். அந்தப் பக்கத்தில் குத்தகை மீதி நேரம் தெரிந்தால், அதைவிடக் கூடுதல் நேரம் அணைத்து வையுங்கள். இன்னொரு வழி, வேன் பக்கத்தில் மேக் குளோன் வசதியில் மேக் முகவரியை மாற்றுவது. புது முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருக்கட்டும்; அவைதான் நாமாக வைத்துக்கொள்ளும் முகவரிக்கு உரியவை. பழையதைத் தாளில் எழுதி வைத்துவிட்டு மாற்றுங்கள். சில நிறுவனங்கள் பதிவு செய்த மேக் முகவரியைத் தவிர வேறு எதற்கும் இணைப்புத் தராது.

இதையெல்லாம் செய்யும் முன், வேன் பக்கத்தில் தெரியும் எண்ணையும் வெளித்தளம் காட்டும் எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றா?

மொபைல் டேட்டா என்றால் வேலை சுலபம்: ஏரோப்ளேன் மோடை 15 வினாடி ஆன் செய்து ஆஃப் செய்யுங்கள். பெரும்பாலும் புது எண் கிடைக்கும்.

---

கம்பிவடம்:

ஃபோனில் கேட்வேயை 254 ஆக்கி, ஐபியை 50 ஆக்கியதும் நெட் வந்துவிட்டது. ரிசர்வேஷனும் வேலை செய்கிறது, ஷேர் ஃபோல்டர் திறக்கிறது. மிக்க நன்றி.

வேன் பக்கத்தில் 100.81 என்று தொடங்கும் எண். வெளித்தளம் காட்டுவது முற்றிலும் வேறு. கம்ப்யூட்டரில் விபிஎன் (நெட்டை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் செயலி) போட்டேன். ஒரு தளத்தில் மாறிய எண், இன்னொன்றில் இடையிடையே முக்காற்புள்ளி (:) வைத்த நீளமான எண், அது விபிஎன் போடும் முன்பும் அப்படியேதான் இருந்தது.

---

அலைவரிசை:

100.64 முதல் 100.127 வரை உள்ளவை சேவை நிறுவனங்கள் தங்களுக்குள் பயன்படுத்த 2012-இல் ஒதுக்கியவை. அதாவது வெளியே தெரியும் எண் உங்களுடையது மட்டுமல்ல, பல வாடிக்கையாளர்கள் சேர்ந்து பயன்படுத்துவது. ரௌட்டரில் நீங்கள் என்ன செய்தாலும் அதை உறுதியாக மாற்ற முடியாது. மேக் குளோன் பக்கம் போகவே வேண்டாம். போர்ட் ஃபார்வர்டிங்கும் (வெளியிலிருந்து வீட்டுக் கருவிக்கு வழி திறப்பது) இதே காரணத்தால் வேலை செய்யாது. நிறுவனத்திடம் தனி ஐபி கேட்கலாம், அல்லது விபிஎன்.

---

முடிச்சு:

அந்த நீளமான எண் ஐபிவி6, ஐபியின் புதிய வகை; புள்ளி வைத்த பழைய வகை ஐபிவி4. உங்கள் விபிஎன் ஐபிவி4-ஐ மட்டும் தன் வழியாக அனுப்புகிறது. ஐபிவி6 நேராக வெளியே போய்க்கொண்டிருக்கிறது. ஐபிவி6 உள்ள தளம் எல்லாவற்றுக்கும் உங்கள் உண்மையான முகவரி இப்போது தெரிகிறது, ஆகவே இதை ஆறப்போடாதீர்கள். விண்டோஸ் அந்த முகவரியின் பின்பாதியை அவ்வப்போது தானே மாற்றும், ஆனால் முன்பாதி உங்கள் இணைப்புக்கு உரியது. அதை வைத்தே அடையாளம் காணலாம்.

முதலில் விபிஎன் செயலியின் செட்டிங்ஸில் ஐபிவி6 கசிவைத் தடுக்கும் வசதியும் கில் ஸ்விட்சும் (விபிஎன் அறுந்தால் நெட்டை நிறுத்துவது) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இரண்டையும் ஆன் செய்யுங்கள். இல்லையென்றால்: ரன் பெட்டியில் என்சிபிஏ.சிபிஎல் அடித்து, வைஃபை அடாப்டரை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் 'இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 6' டிக்கை எடுத்துவிடுங்கள். வைஃபை அடாப்டரில் மட்டும் எடுத்தால் போதும். விபிஎன் வேண்டாம் என்றானதும் திரும்ப டிக் போட்டுவிடுங்கள், ஐபிவி6-ஐ நிரந்தரமாக முடக்கி வைப்பது நல்லதல்ல.

பிறகு பிரவுசரை முழுவதும் மூடித் திறந்து, ஐபிவி4, ஐபிவி6, டிஎன்எஸ், வெப்ஆர்டிசி (பிரவுசரின் நேரடி ஒலி, வீடியோ வசதி; அதுவும் ஐபியைக் காட்டிவிடலாம்) நான்கையும் காட்டும் சோதனைத் தளத்தில் பாருங்கள். டிஎன்எஸ் வரிசையில் உங்கள் சேவை நிறுவனத்தின் பெயர் இன்னும் வந்தால், பார்க்கும் தளங்களின் பெயர் அவர்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். விபிஎன் செயலியில் அதன் சொந்த டிஎன்எஸ்ஸைத் தேர்ந்தெடுங்கள். நான்கிலும் வரும் விடையை இங்கே எழுதுங்கள். முகவரியின் முதல் சில எண்களைத் தவிர மற்றதை எல்லாம் மறைத்துவிட்டு எழுதுங்கள்.