எம்டிபி (மலை சைக்கிள்) ஸ்டேஜ் ரேஸுக்கு ரெடி ஆகணும், கூடவே ஒரு ட்ரஸ்ட்டுக்கு பணம் சேர்க்கணும் – பெங்களூர் ஆளுங்க வழி சொல்லுங்க

அல்சூர்_சைக்கிள்:

வணக்கம் மக்களே. நான் அல்சூர் ஆளு, வயசு 39, மாரத்தஹள்ளி பக்கம் ஐடி வேலை. மூணு வருஷமா ரோடு பைக் ஓட்டுறேன், மாசம் ரெண்டு தடவையாவது நந்தி மலை ஏறிடுவேன். போன வருஷம் ஒரு ஹார்ட்டெயில் எம்டிபி (முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் இருக்கறது) செகண்ட் ஹேண்ட்ல எடுத்தேன், அதுக்கப்புறம் தார் ரோடு மேல இருந்த ஆசையே குறைஞ்சு போச்சு. இப்போ ஷிம்லாவுல இருந்து கிளம்புற எம்டிபி ஹிமாலயாங்கற பல நாள் ரேஸை ஓட்டணும்னு முடிவே பண்ணிட்டேன். கையில அஞ்சு மாசம் இருக்கு.

ரேஸுக்குப் பின்னாடி ஒரு காரணம் இருக்கு. எங்க அக்கா பொண்ணுக்கு ஆறு வயசுல ரத்தப் புற்றுநோய், ஏஎல்எல் வகை. ரெண்டரை வருஷம் ட்ரீட்மெண்ட் ஓடுச்சு, இப்போ நல்லா இருக்கா, ஸ்கூல் போறா. காவேரிப்பட்டணத்துல இருந்து பஸ் ஏறி வருவாங்க, நாங்க இங்க இருந்ததால தங்குறதுக்கு பிரச்சினை இல்ல. ஆனா அதே வார்டுக்கு அரூர் பக்கம் இருந்து ஒரு அம்மா வருவாங்க, கையில ஒரு வயர்கூடை, அதுல குழந்தையோட ரிப்போர்ட் ஃபைலு, ஒரு டம்ளர், ஒரு போர்வை, அவ்ளோதான். ராத்திரி வெளிய மரத்தடியில படுத்துட்டு காலையில ஊசிக்கு உள்ள வருவாங்க. நாலு மாசம் பார்த்தோம், அப்புறம் அவங்க வரவே இல்ல. இந்த மாதிரி குடும்பங்களுக்கு இடமும் சாப்பாடும் இலவசமா குடுக்கற ஒரு சின்ன ட்ரஸ்ட் இங்க இருக்கு, அவங்களுக்கு ஒரு 3 லட்சம் சேர்த்துக் குடுக்கணும்னு ஆசை.

இப்போ என் சந்தேகம். வேலைக்கும் போயிட்டு இந்த ரேஸுக்கு எப்படி ட்ரெய்ன் பண்றது? அடுத்தது, சேர்ற பணத்துல இருந்து என்ட்ரி ஃபீஸ், ஃப்ளைட் டிக்கெட் எடுத்துக்கலாம், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்கன்னு ஒரு ஃப்ரெண்டு சொல்றான், எனக்கு மனசு ஒப்பல, சரியா தப்பா? அப்புறம், ஒருத்தர்கிட்ட போய் பணம் குடுங்கன்னு கேக்க வாயே வரமாட்டேங்குது, அதை எப்படி ஆரம்பிக்கறது?

யெலஹங்கா_மண்ரோடு:

ப்ரோ முதல்ல அக்கா பொண்ணு நல்லா இருக்கான்னு படிச்சதும் சந்தோஷமா இருந்துச்சு.

ட்ரெய்னிங் பத்தி மட்டும் நான் சொல்றேன். நந்தி ஏறி ஏறி நம்ம ஊர்ல எல்லாருக்கும் கால் நல்லா தேறிடுது, ஆனா நந்தி மொத்தமே ஏழரை எட்டு கிலோமீட்டர் ஏத்தம், அதுவும் ஒரே நாள், முடிச்சிட்டு இட்லி வடை சாப்பிட்டு வீட்டுக்கு வந்து தூங்கிடுவோம். ஸ்டேஜ் ரேஸ்ல விஷயமே மறுநாள் காலையில தான் இருக்கு. நேத்து ஆறு மணி நேரம் ஓட்டின காலோட இன்னைக்கு மறுபடி ஏறணும், நாளைக்கும் ஏறணும், எல்லா நாள் டைமையும் கூட்டித்தான் ரிசல்ட். அதனால சனி ஞாயிறு ரெண்டு நாளும் சேர்த்து ஓட்டுங்க, சனிக்கிழமை நாலஞ்சு மணி நேரம், ஞாயித்துக்கிழமை அதே அளவு ஆனா கொஞ்சம் மெதுவா. மாசத்துல ஒரு தடவை லாங் வீக்கெண்ட் பார்த்து மூணாவது நாளையும் சேர்த்துக்கோங்க. நாலு வாரத்துல ஒரு வாரம் பாதியா குறைச்சிடணும், இதை மட்டும் விட்டுடாதீங்க, நான் விட்டேன், ரேஸுக்கு மூணு வாரம் முன்னாடி முட்டி வலி வந்து உக்காந்துட்டேன். வார நாள்ல ஆபீஸுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் ரெண்டு தடவை போதும், அதுல ஒண்ணு மூச்சு முட்ட ஓட்டுங்க.

ஆனா நான் முக்கியமா சொல்ல வந்தது இறக்கம். பெங்களூர்ல இருந்து வர்ற ஆளுங்க ஏத்தத்துல நல்லா போய்ட்டு இறக்கத்துல தான் அடிபடுறாங்க. ஹிமாச்சல்ல ஒரு இறக்கம் ஆரம்பிச்சா பத்து பதினஞ்சு கிலோமீட்டர் போகும், அதுவும் உதிரி கல்லு. ஆவலஹள்ளி காட்டுல பாறை இருக்கற பக்கம் சின்ன இறக்கமா எடுத்து இருபது தடவை அதையே இறங்குங்க. சீட்டை இறக்கிட்டு, இடுப்பை பின்னாடி தள்ளி, பார்வை முன் சக்கரத்துல இல்லாம பத்து பதினஞ்சு அடி தள்ளி இருக்கணும். பிரேக்குக்கு ஒரே ஒரு விரல், மத்த மூணும் ஹேண்டில்பாரைப் பிடிச்சிருக்கணும். நாலு விரலாலயும் பிரேக்கை அமுக்கிட்டே இறங்கினா பத்து நிமிஷத்துல முன்கை மரத்துப் போய்டும், அப்போ நிஜமாவே பிரேக் பிடிக்க வேண்டிய இடத்துல விரல் மடங்காது. எனக்கு ரெண்டாவது நாள் அப்படித்தான் ஆச்சு, பைக்கை தள்ளிட்டே இறங்கினேன்.

உயரத்தையும் மனசுல வச்சுக்கோங்க. நம்ம ஊரு 900 மீட்டர் சொச்சம். அந்த ரேஸ் 2005-ல ஆரம்பிச்சது, பல வருஷம் ஜலோரி கணவாய் வழியா போயிருக்கு, அது 3,120 மீட்டர். 3,000 மீட்டர்ல காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கறதுல 70 சதவீதம் தான், அதனால இங்க நந்தியில என்ன பவர்ல ஏறுறீங்களோ அதே பவர்ல அங்க ஏறலாம்னு நினைக்கக் கூடாது. லீவு கிடைச்சா மூணு நாலு நாள் முன்னாடியே ஷிம்லா போய்டுங்க, அதுவே 2,200 மீட்டர், உடம்பு கொஞ்சமாவது பழகும். விடாம தலைவலி, வாந்தி வந்தா கீழ இறங்கிடுங்க.

கணக்கு_அக்கா:

தம்பி, உன் ரெண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்றேன், நான் ஜெயநகர்ல ஆடிட்டர் ஆபீஸ்ல 22 வருஷமா இருக்கேன், ட்ரஸ்ட் கணக்கு நிறைய பார்த்திருக்கேன்.

உன் மனசு சொன்னதுதான் சரி. குழந்தைங்களுக்குன்னு கேட்டு வாங்கின காசுல உன் ஃப்ளைட் டிக்கெட் போகக் கூடாது. சட்டம் இருக்கட்டும், குடுக்கறவங்க மனசுல என்ன நினைச்சுக் குடுக்கறாங்கன்னு பாரு. உன் சித்தப்பா 500 ரூபா அனுப்பறாருன்னா அந்தக் குழந்தை ஒரு நாள் நல்லா தூங்கட்டும்னு அனுப்பறாரு. ரேஸ் செலவு உன் சம்பளத்துல, இல்லன்னா தனியா ஸ்பான்சர் பிடி, அதையும் அழைப்புலயே எழுதிடு, "என் செலவு முழுக்க என்னுது, நீங்க குடுக்கறது அப்படியே ட்ரஸ்ட்டுக்குப் போகுது"ன்னு. அந்த ஒரு வரி படிச்சிட்டுத்தான் பாதிப் பேர் குடுப்பாங்க.

அடுத்தது, பணம் உன் அக்கவுண்டுக்கு வரவே கூடாது. உன் யூபிஐ நம்பரை வாட்ஸப்ல போடாத. ட்ரஸ்ட்டோட அக்கவுண்டுக்கே நேரா போகட்டும், யார் யார் அனுப்பினாங்கன்னு வாரம் ஒரு தடவை அவங்ககிட்ட லிஸ்ட் வாங்கிக்கோ. உன் அக்கவுண்ட்ல விழுந்தா நாளைக்கு கணக்கு கேக்கறவங்களுக்கெல்லாம் நீதான் பதில் சொல்லணும், வரிச்சலுகைக்கான 80ஜி ரசீதும் குடுக்க முடியாது. அந்த ட்ரஸ்ட்டுக்கு 80ஜி இப்போ செல்லுபடி ஆகுதான்னு முதல்ல கேளு. ரொக்கமா குடுத்தா 2,000 ரூபாய்க்கு மேல வரிச்சலுகை இல்ல. குடுக்கறவங்க பான் நம்பரையும் வாங்கிக்கணும். புது வரி முறையில இருக்கறவங்களுக்கு இந்த சலுகையே கிடையாது, அதையும் நேர்மையா சொல்லிடு.

இன்னொண்ணு, அமெரிக்காவுல இருக்கற உன் ஃப்ரெண்ட்ஸ் அனுப்பறேன்னு சொல்வாங்க. இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கறவங்க அவங்க சொந்தப் பணத்தை பேங்க் வழியா அனுப்பினா பிரச்சினை இல்ல. அந்த நாட்டு சிட்டிசன் ஆகிட்டவங்க குடுத்தா அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்சிஆர்ஏ அனுமதி இல்லாத ட்ரஸ்ட் அதை வாங்கவே கூடாது. இந்திய வம்சாவளின்னு குடுக்கற ஓசிஐ கார்டு அவங்ககிட்ட இருந்தாலும் அதேதான். நல்லது பண்ணப் போய் அந்தச் சின்ன ட்ரஸ்ட்டை சிக்கல்ல மாட்டி விட்டுடாத.

கேக்கறதுக்கு கூச்சமா இருக்குன்னு சொன்ன. மொத்தமா ஃபார்வர்ட் பண்ணாத, யாரும் படிக்க மாட்டாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு பேருக்கு போன் பண்ணு. முதல் பத்து பேர் கண்டிப்பா குடுப்பாங்கன்னு தெரிஞ்சவங்களா இருக்கட்டும், அண்ணன், மாமா, காலேஜ் ரூம்மேட். ட்ரஸ்ட்ல கேளு, ஒரு குடும்பம் ஒரு வாரம் தங்கி சாப்பிட அவங்களுக்கு எவ்ளோ ஆகுதுன்னு, அந்தத் தொகையைச் சொல்லியே கேளு. அந்த வயர்கூடை அம்மாவைப் பத்தி இங்க எழுதின மாதிரியே பேசினா போதும்பா. எந்தக் குழந்தையோட போட்டோவும் மட்டும் போட்டுடாத, வேண்டாம்.

செயின்_லூப்:

அண்ணா நான் கம்மனஹள்ளியில சைக்கிள் சர்வீஸ் பண்றேன். பைக் பத்தி யாரும் சொல்லல அதான் எழுதுறேன்.

செகண்ட் ஹேண்ட் வண்டின்னு சொன்னீங்க, முதல்ல செயின் தேய்மானம் கேஜ் வச்சு பாருங்க, நீண்டு போயிருந்தா ரேஸுக்கு ஒரு மாசம் முன்னாடியே செயினும் கேசட்டும் (பின் சக்கரத்துல இருக்கற பல்சக்கரங்கள்) சேர்த்து மாத்திடுங்க, கடைசி நாள்ல மாத்தினா கியர் செட் ஆகறதுக்குள்ள ரேஸ் வந்துடும். ட்யூப்லெஸ் போட்டு ஓட்டையை அடைக்கற சீலன்ட் புதுசா ஊத்துங்க, அது மூணு நாலு மாசத்துல காஞ்சு போய் டயருக்குள்ள ரப்பர் உருண்டையா கிடக்கும், நிறைய பேர் பார்க்கறதே இல்ல. பிரேக் பேட் மெட்டல் டைப் ரெண்டு செட் எடுத்துட்டுப் போங்க, ரெசின் பேட் மழையிலயும் சேத்துலயும் சீக்கிரம் கரைஞ்சிடும். பின் கியரை வண்டியோட சேர்க்கற சின்ன உலோகத் துண்டு, டிரெய்லியர் ஹேங்கர், ஒண்ணு ஸ்பேர் கண்டிப்பா வேணும், அது ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு மாதிரி, மலையில எந்தக் கடையிலயும் கிடைக்காது, இப்பவே ஆர்டர் போடுங்க.

ஃப்ளைட்ல சண்டிகர் போய் அங்க இருந்து ரோட்ல தான் ஷிம்லா போவீங்க. பெட்டியில பேக் பண்றப்போ வீலை கழட்டினதும் பிரேக் பேடுக்கு நடுவுல அந்த சின்ன பிளாஸ்டிக் துண்டை சொருகிடுங்க, இல்லன்னா மடிச்ச அட்டையாவது வைங்க. வழியில யாராவது லிவரை அமுக்கிட்டா ரெண்டு பேடும் ஒட்டிக்கும், அங்க போய் டிஸ்க் உள்ள போகாது.

போன வருஷம் ஒரு கஸ்டமர் அண்ணன் இதே மாதிரி ரேஸுக்குப் போனாரு, பேடட் ஷார்ட்ஸ் ஒண்ணே ஒண்ணு. குளிர்ல துவைச்சது காயல, ஈரத்தோடவே போட்டுட்டாரு, மூணாவது நாள் தொடையில கொப்புளம் வந்து உக்கார முடியாம வந்துட்டாரு. மூணு ஷார்ட்ஸ் எடுத்துட்டுப் போங்கண்ணா, உரசற இடத்துல தடவுற கிரீமும்.

கேள்வி_மட்டும்:

தப்பா எடுத்துக்காதீங்க நண்பரே, உண்மையாவே தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். என்ட்ரி, ஃப்ளைட், ஸ்பேர் பார்ட்ஸ், எல்லாம் சேர்த்தா ஒரு பெரிய தொகை வருது. அதையே அந்த ட்ரஸ்ட்டுக்கு குடுத்துட்டா இன்னும் நாலு குடும்பம் தங்குமே? ரேஸ் எதுக்கு?

அல்சூர்_சைக்கிள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு தடவை படிச்சேன், என் மனைவியும் படிச்சா.

கேள்வி கேட்ட நண்பருக்கு. நியாயமான கேள்வி, நானும் ஒரு வாரம் யோசிச்சேன். நான் ரேஸ் போகலன்னா அந்தப் பணம் முழுசா ட்ரஸ்ட்டுக்குப் போகும்னு சொன்னா அது பொய், வீட்டு லோனுக்குத்தான் போகும். இன்னொண்ணு, நான் குடுத்தா ஒரு தடவை குடுத்ததோட முடிஞ்சிடும். ஏஎல்எல் ட்ரீட்மெண்ட் ரெண்டு மூணு வருஷம் ஓடுது, நடுவுல நிறுத்திட்டா நோய் திரும்ப வர வாய்ப்பு அதிகம், இது எனக்கே அக்கா பொண்ணுக்கு வந்தப்புறம் தான் தெரியும். நிறுத்தறவங்க பலர் மருந்துக்கு வழி இல்லாம நிறுத்தல, பஸ்ஸுக்கும் தங்கறதுக்கும் வழி இல்லாம, கூலி வேலை போயிடும்னு நிறுத்தறாங்க. நான் அறுபது பேருக்கு போன் போட்டா அறுபது வீட்ல இதைப் பத்திப் பேசுவாங்க. செப்டம்பர் மாசம் குழந்தைகள் புற்றுநோய் விழிப்புணர்வு மாசம், அப்போ இன்னும் நிறைய பேர்கிட்ட சொல்லலாம்னு இருக்கேன். இருந்தாலும் நீங்க கேட்டதுக்கு அப்புறம் ஒரு முடிவு எடுத்திருக்கேன், ரேஸுக்கு நான் எவ்ளோ செலவு பண்றேனோ அதுல பாதியை நானே ட்ரஸ்ட்டுக்கு குடுக்கப் போறேன்.

கணக்கு அக்கா, இன்னைக்கு மத்தியானம் ட்ரஸ்ட்டுக்குப் போய்ட்டு வந்தேன். 80ஜி இருக்கு, எஃப்சிஆர்ஏ இல்ல, நீங்க சொல்லலன்னா அமெரிக்க சிட்டிசன் ஆகிட்ட நியூ ஜெர்சி ஃப்ரெண்டுகிட்ட வாங்கிக் குடுத்திருப்பேன். நேரா அவங்க அக்கவுண்டுக்கே போற மாதிரி ஒரு கடிதம் போட்டுத் தர்றாங்க. அங்க ஒரு ரூம்ல நாலு கட்டில், சுவத்துல ஆணி அடிச்சு ஒவ்வொரு குடும்பத்தோட பையும் மாட்டியிருந்துச்சு. அதுல ஒரு வயர்கூடை. அவங்க இல்ல, வேற யாரோ. ஆனா கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு நின்னுட்டேன்.

வந்ததும் முதல் போன் எங்க மாமாவுக்கு போட்டேன். வாய் வந்துச்சு அக்கா.

யெலஹங்கா ப்ரோ, இறக்கம் எனக்கு சுத்தமா வராது, யாராவது கூட இருந்து சொல்லிக் குடுத்தா தேவலை.

யெலஹங்கா_மண்ரோடு:

சனிக்கிழமை காலையில அஞ்சே முக்கால், ஆவலஹள்ளி கேட்டுக்கிட்ட வந்துடுங்க. முழங்கால் கார்டு, முழங்கை கார்டு ரெண்டும் போட்டுட்டு வாங்க, இல்லன்னா சொல்லுங்க என்கிட்ட ஒரு செட் இருக்கு. டயர்ல காத்து கம்மியா வச்சுட்டு வாங்க.

செயின்_லூப்:

நானும் வர்றேண்ணா, பம்பு கேஜ் எடுத்துட்டு வந்து அங்கயே செட் பண்ணிக்கலாம், செயினையும் பார்த்துடறேன். சர்வீஸுக்கு காசு வேண்டாம், அதை அந்த ட்ரஸ்ட் அக்கவுண்ட்ல போட்டுடுங்க.

கணக்கு_அக்கா:

கடிதம் கைக்கு வந்ததும் இங்க சொல்லு தம்பி. அடுத்த போன் எனக்கு போடு.