உணரியின் அழுத்தம் என்றால் எந்த அழுத்தம்?

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம்.

மோட்டார் வாகனப் பட்டயப் படிப்பு மாணவர்களுக்காகப் பழுதறியும் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிவருகிறேன். டீசல் காரின் ரெயில் அழுத்தத்தை அளக்கும் சென்சாரை, அதாவது உணரியைப் பற்றிய பாடத்தில் வண்டி நின்றுவிட்டது. பி0190 முதல் பி0194 வரை உள்ள ஐந்து பழுதுக் குறியீடுகளுக்கும் தலைப்பு வேண்டும். இப்போது என்னிடம் இருப்பவை: 'எரிபொருள் தண்டவாள அழுத்த உணரிச் சுற்று', பிறகு 'சுற்று வரம்பு', 'சுற்றுத் தாழ்வு', 'சுற்று உயர்வு', 'சுற்று இடைவிடல்'. பாடத்தில் ஒரு வரி இப்படிப் போகிறது: "உணரியின் அழுத்தம் மிகக் குறைந்தால் பி0192 பதிவாகும், உணரியின் தரைக் கம்பியையும் சுற்று திறந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்."

படிக்கும்போது எனக்கே திருப்தியில்லை. தயங்காமல் வெட்டுங்கள்.

மறுமொழி

ஐயா, வணக்கம்.

வெட்டச் சொல்லிவிட்டீர்கள். முதலில் தண்டவாளம். உயரழுத்தப் பம்பு தள்ளும் டீசலைத் தேக்கி வைத்து, அதை எஞ்சினுக்குள் பீய்ச்சும் எல்லா இன்ஜெக்டர்களுக்கும் கொடுக்கும் தடித்த எஃகுக் குழாய்க்குத் தண்டவாளம் என்று பெயர் வைத்தால் மாணவன் சிரிப்பான். 'பொதுக்குழாய்' என்றால் தெருமுனைத் தண்ணீர்க்குழாய். 'பகிர்குழாய்' எனலாம். பட்டறையில் எல்லாரும் ரெயில் என்றுதான் சொல்கிறார்கள்; முதல் முறை 'ரெயில் எனப்படும் பகிர்குழாய்' என்று எழுதிவிட்டால் போதும். 'உணரி' நிலைத்துவிட்ட சொல், அதை 'உணர்வி' ஆக்கலாமே என்று யாராவது வந்தால் காதில் வாங்காதீர்கள்.

சிக்கல் 'அழுத்தம்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. "உணரியின் அழுத்தம் மிகக் குறைந்தால்" என்கிறீர்கள். குழாய்க்குள் இருக்கும் டீசலின் அழுத்தமா, கம்பியில் வரும் மின்னழுத்தமா? பள்ளிப் பாடநூலில் இரண்டுக்கும் அழுத்தமே அடிச்சொல். வேறு பாடமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இந்தப் பாடமோ அந்த இரண்டையும் பிரித்தறியச் சொல்லிக் கொடுப்பதற்காகவே இருக்கிறது! வடிகட்டி அடைத்தோ பம்பு தேய்ந்தோ டீசலின் அழுத்தம் உண்மையிலேயே குறைந்தால் வரும் குறியீடு பி0087. அழுத்தம் சரியாக இருந்தும் அதைத் தெரிவிக்கும் வோல்ட் விழுந்துபோனால் வருவது பி0192. முதலாவதற்குப் பம்பையும் வடிகட்டியையும் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். உங்கள் வரியை நம்பும் மாணவன் பம்பைக் கழற்றுவான்.

'சுற்றுத் தாழ்வு' என்பதும் அப்படித்தான். சுற்று தாழாது. தாழ்வது அதில் வரும் குறிகை, அதாவது சிக்னல். வழக்கமான மூன்று கம்பி உணரிக்கு இசியூ எனப்படும் எஞ்சின் கணினியிலிருந்து 5 வோல்ட் போகிறது. உள்ளே எஃகுச் சவ்வு அழுத்தத்துக்கு ஏற்ப மிக நுண்ணிய அளவில் வளைகிறது; பெரும்பாலான உணரிகளில் அழுத்தமே இல்லாதபோது சுமார் 0.5 வோல்ட், முழு அழுத்தத்தில் சுமார் 4.5 வோல்ட் என்று குறிகை திரும்பி வருகிறது. இந்த எல்லைகளுக்குக் கீழே போனாலும் மேலே போனாலும் இசியூ அதை அழுத்தமாகவே எடுத்துக்கொள்வதில்லை. கம்பியில் கோளாறு என்று பதிந்துவிடுகிறது. ஆகவே 'குறிகை தாழ்வு', 'குறிகை உயர்வு'.

இனி 'தரைக் கம்பி'. இதை நீங்கள் மாற்றியே தீர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இதற்கு நானே விலை கொடுத்திருக்கிறேன். என் டீசல் காரில் செக் லைட் எரிந்து, வண்டி மேடேற மறுத்தது. பட்டறையில் ஸ்கேனர் பி0193 காட்டியதும் உணரியை மாற்றினார்கள். மறுநாளே விளக்கு திரும்பவும் எரிந்தது. இரண்டாம் முறை போனபோது பக்கத்திலேயே நின்றேன். பையன் உணரியில் கம்பிகளைச் செருகும் கப்ளரைக் கழற்றிச் சாவியைப் போட்டான். மீட்டரின் கறுப்பு முனையை எஞ்சின் பாடியில் வைத்தான், சிவப்பு முனையை 5 வோல்ட் கம்பியில் வைத்தான். 5.01. "எல்லாம் சரியாக இருக்கிறது, புது சென்சாரும் போய்விட்டது போலிருக்கிறது" என்றான். அங்கிருந்த வயதான மின்பணியாளர் ஒன்றும் சொல்லாமல் கறுப்பு முனையை எடுத்துக் கப்ளரிலேயே இருக்கும் மூன்றாம் துளையில் வைத்தார். மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கியது. உணரிக்கு இசியூவிலிருந்து போகும் கம்பி சரி; உணரியிலிருந்து இசியூவுக்குத் திரும்பும் கம்பி அறுந்திருந்தது. கப்ளரிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு தகட்டின் விளிம்பில் உரசிய இடத்தில், மேலுறை முழுசாகத் தெரிந்தது; விரலால் நெருடியபோது மட்டும் அது தொய்ந்தது. உறையைச் சீவினால் உள்ளே செம்புக்குப் பதில் பச்சைக் களிம்பு.

அந்தக் கம்பி வண்டியின் பாடியைத் தொடுவதில்லை. 'எர்த்', 'தரை' என்ற பெயரைக் கேட்டதால்தான் பையன் கறுப்பு முனையைப் பாடியில் வைத்தான். திரும்பும் வழி இல்லாததால் குறிகைக் கம்பி 5 வோல்ட்டை ஒட்டி ஏறிக்கொண்டது, அதனால் பி0193. பெயர் வழிகாட்ட வேண்டுமென்றால் அதை 'மீள்கம்பி' என்று அழையுங்கள். சோதிக்கும் வரியும் தானாக வந்துவிடும்: 5 வோல்ட்டை மீள்கம்பிக்கு எதிராக அள.

'திறந்த சுற்று' பாடநூல்களில் இருக்கிறது, அறிவேன். தமிழில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். சுற்றைத் திறந்தால் மின்சாரம் நின்றுவிடுமாம். முதலாண்டு மாணவன் ஒவ்வொரு முறையும் தலைகீழாகத்தான் புரிந்துகொள்கிறான். 'அறுந்த சுற்று' என்றால் விளக்கமே வேண்டாம்.

அழுத்தத்துக்கு மட்டும் என்னிடம் தீர்வு இல்லை. யாழ்ப்பாணத்து நண்பர் ஏதாவது சொல்வார் என்று காத்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து

அன்பின் நண்பர்களுக்கு,

இந்தக் குழப்பம் எங்களுக்கு இல்லை. எங்கள் பாடநூல்களில் திரவம், வாயு ஆகியவற்றுக்கு அமுக்கம், மின்னுக்கு அழுத்தம். வானிலை அறிக்கையில் நீங்கள் காற்றழுத்தத் தாழ்வு என்பதை நாங்கள் தாழமுக்கம் என்கிறோம். வைத்தியசாலையில் குருதி அமுக்கம் பார்க்கிறார்கள். 'எரிபொருள் அமுக்க உணரி' என்று எழுதினால் ஐயாவின் வரி அப்படியே தெளிந்துவிடும்: அமுக்கம் குறைந்ததா, அழுத்தம் குறைந்ததா?

மீள்கம்பி அருமையான சொல். குறிகை என்பதற்கு நாங்கள் சமிக்ஞை என்போம். அதற்காக நான் சண்டைக்கு வரமாட்டேன்.

மறுமொழி

அன்பு நண்பருக்கு,

அமுக்கம் தெளிவான சொல்தான். ஆனால் இங்கே தமிழ்நாட்டில் 'அழுத்தம் குறைவு' என்று இரத்தத்துக்கும் காற்றுக்கும் சொல்லிப் பழகிய மாணவனிடம், கார் பாடத்தில் மட்டும் அதே அழுத்தம் மின்சாரத்தைக் குறிக்கும் என்றால் குழப்பம் இரட்டிப்பாகும். இன்னொரு தடை, எஞ்சின் நூல்களில் சிலிண்டருக்குள் காற்றை நெருக்கும் கம்பிரஷனுக்கு 'அமுக்கம்' என்று எழுதுவோர் இங்கே உண்டு. சிலிண்டரில் ஒரு அமுக்கம், பகிர்குழாயில் இன்னொரு அமுக்கம் என்றால், ஒரே எஞ்சினில் வேறொரு மோதல் வந்துவிடும்.

அதனால் உங்களிடமிருந்து வேறொன்றை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் நூல்களில் 'வோல்ற்றளவு' என்று ஒரு சொல் உண்டல்லவா? அழுத்தத்தை டீசலுக்கே விட்டுவிட்டு, கம்பியில் இருப்பதை 'வோல்ட்டளவு' என்று எழுதலாம். கையில் பிடிக்கும் மீட்டரும் வோல்ட்டைத்தான் காட்டுகிறது. 'மின்னழுத்தம்' இந்த ஒரு பாடத்தில் மட்டும் வராமல் பார்த்துக்கொள்வோம்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: "பகிர்குழாயில் அழுத்தம் இருந்தும் குறிகையின் வோல்ட்டளவு எல்லைக்குக் கீழே விழுந்தால் பி0192 பதிவாகும். 5 வோல்ட் கம்பியை மீள்கம்பிக்கு எதிராக அளந்து, எந்தக் கம்பியாவது அறுந்திருக்கிறதா என்று பார்க்கவும்." தலைப்புகள்: பி0190 உணரிச் சுற்றுப் பழுது, பி0192 குறிகை தாழ்வு, பி0193 குறிகை உயர்வு, பி0194 விட்டுவிட்டு வரும் குறிகை.

பி0191 மட்டும் பாக்கி. வோல்ட்டளவு எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் எஞ்சின் ஓடும் நிலைக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை. 'ஒவ்வாக் குறிகை' என்று போட்டிருக்கிறேன். மருந்து ஒவ்வாமை போல ஒலிக்கிறது என்கிறாள் என் மகள். கப்ளரைக் கப்ளராகவே விட்டுவிட்டேன். 'இணைப்பி' என்று கேட்டால் உதிரிப்பாகக் கடையில் யாரும் எடுத்துத் தரமாட்டார்கள்.