அண்ணனின் மனச்சோர்வை அப்பாவுக்கு எப்படிப் புரிய வைப்பது?

வணக்கம். அண்ணனுக்கு மனச்சோர்வு என்று டாக்டர் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார். அப்பாவோ, "மனசு வெச்சா எல்லாம் சரியாகும், காலையில எந்திரிச்சு நடக்கச் சொல்லு" என்கிறார். அண்ணன் பல் தேய்க்கவே மதியம் ஆகிறது. வைத்த காபி ஆடை படிந்து அப்படியே கிடக்கிறது. இதில் எங்கிருந்து நடை?

தைராய்டு, வைட்டமின் பி12 பரிசோதனையும் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவை குறைந்தாலும் இப்படி வருமாம். பரம்பரையும் உண்டு. இரட்டையர் ஆய்வுகளின்படி, ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் அதன் பங்கு ஏறக்குறைய 37 சதவீதம். எங்கள் பாட்டியும் மாதக்கணக்கில் பேசாமல் படுத்திருந்தவர்தான். அப்போது மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அண்ணனுக்கு வேலை போனது, கடன் எல்லாம் அதற்கு மேல்.

ஆனால் அப்பா பேச்சை முழுசாகத் தள்ளவும் முடியவில்லை. உடற்பயிற்சி, நேரத்துக்குத் தூக்கம், குடிக்காமல் இருப்பது உதவும் என்று டாக்டரே சொல்கிறார். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். அதுவரை அவனை எவ்வளவு வற்புறுத்தலாம், எங்கே விட்டுவிட வேண்டும்?

இதைக் கடந்து வந்தவர்கள், வீட்டில் பார்த்துக்கொண்டவர்கள் சொல்லுங்கள். அப்பா மாதிரி ஆட்களிடம் எந்தப் பேச்சு எடுபட்டது? அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் குடும்பத்தார் யாராவது பேசியிருக்கிறீர்களா?