பொருள்: மட்குதலா, சிதைவா, இறுதலா?

வணக்கம். உதிர்ந்த இலை மண்ணோடு மண்ணாகும் செயலைப் பற்றிய பள்ளிச் செய்முறைத் தாள் திங்களன்று அச்சுக்குப் போகிறது. அந்தச் செயலுக்கும் அதன் படிகளுக்கும் சொல் வேண்டும். இரண்டு நைலான் வலைப்பை, ஒவ்வொன்றிலும் உலர்ந்த வேப்பிலை 10 கிராம். ஒன்றின் கண் 5 மி.மீ., மற்றதன் கண் 1 மி.மீ.க்கும் கீழே. 5 செ.மீ. ஆழத்தில் புதைத்து, 8 வாரம் கழித்து எடுத்து நிறுக்க வேண்டும். பெரிய கண் வழியே மண்புழுவும் மரவட்டையும் நுழைந்து இலையைத் துண்டாக்கும். சிறிய கண்ணுக்குள் பெரும்பாலும் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும்தான் வேலை. இரண்டுக்கும் 'மட்குதல்' என்றே போட்டால் பிள்ளைகள் வேறுபாட்டை எப்படி எழுதுவார்கள்?
— பாளையங்கோட்டை

ஐயா, முழுச் செயலுக்கு மட்குதலே போதும். எருக்குழிச் சாணி மக்கிப்போச்சு என்றுதானே ஊரே சொல்கிறது! துண்டாவதற்கு 'இறுதல்' இருக்கிறது. 'கயிறு இத்துப்போச்சு' என்பது இற்றுப்போயிற்றுதான். 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்', குறள் 475. மட்குக்கு ஒளி மழுங்குதல் என்ற பொருளும் உண்டு. மங்கு, மழுங்கு, மட்கு மூன்றும் ஓரினம் என்றே எனக்குப் படுகிறது. பச்சை மங்குவதில்தானே இலையின் முடிவு தொடங்குகிறது?
— அம்பாசமுத்திரம்

அண்ணாச்சி, குறளில் அச்சு பாரம் தாங்காமல் முறிகிறது, மக்கவில்லை. மட்கு தன்வினை மட்டுமே. உருகு, உருக்கு ஆவதுபோல இதில் ககரத்தை இரட்டித்துப் பிறவினை ஆக்க முடியாது. ஈரொற்று, அதாவது அடுத்தடுத்து இரண்டு மெய், ய, ர, ழ பின்னால்தான் வரும், 'ட்' பின்னால் இன்னொரு 'க்க்' நிற்காது. பூஞ்சை இலையை என்ன செய்கிறது என்று ஒரே வினையில் சொல்ல வேண்டாமா? இலை சிதைகிறது, பூஞ்சை சிதைக்கிறது. சிதைப்பான் அதிலிருந்தே வரும்.
— தென்காசி

சிதை என்றால் சுடுகாடு நினைவுக்கு வருமே அம்மா.
— அம்பாசமுத்திரம்

அந்தச் சிதை வடசொல். இது தமிழ் வினை, வேறு.
— தென்காசி

அழுகலையும் இதில் கலக்காதீர்கள். தொழியில், அதாவது உழுத சேற்றில், மிதித்த கொழுஞ்சித் தழை காற்றில்லாமல் அழுகும், நாறும். குழியில் காற்றோட்டமும், கைப்பிடி பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழும் ஈரமும் இருந்தால் நாறாமல் மக்கும். வைக்கோலை மட்டும் வயலில் மடக்கி உழுதால் நுண்ணுயிர் மண்ணின் தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளிக்கும்.

இன்னொரு சொல்லும் வேண்டும். முதல் சில நாளில் பை எடை குறைவதில் ஒரு பங்கு, இலையிலுள்ள சர்க்கரையும் உப்பும் நீரில் கரைந்து போவதுதான். காப்பித்தூளில் டிக்காஷன் இறங்குகிற மாதிரி. 'சாறிறங்கல்' சரியா?
— சேரன்மகாதேவி

சாறிறங்கல் மிக நன்று. முழுச் செயலுக்குச் சிதைவு, புழுவும் மரவட்டையும் செய்வதற்குத் துண்டாதல், எஞ்சும் கரும்பொருளுக்கு மட்கு என்று போடுகிறேன். அது உருவாவதை 'மட்காதல்' எனலாமா?
— பாளையங்கோட்டை

வேண்டாம்! குப்பைத்தொட்டியில் 'மக்காத குப்பை' என்று படித்த பிள்ளை அதை எதிர்மறையாக எடுத்துக்கொள்ளும். 'மட்காக்கம்' என்று போடுங்கள். இலையில் ஒட்டிய மண் எடையைக் கூட்டிவிடும். மெதுவாகக் கழுவி, அடுத்தடுத்த இரண்டு நிறுவையும் ஒன்றாகும்வரை உலர்த்தச் சொல்லுங்கள்.
— தென்காசி

சிதைவுக்கு நான் உடன்படவில்லை. தாளில் ஒரு வரியாவது 'மட்குதல் என்றும் வழங்கும்' என்று இருக்கட்டும், ஐயா.
— அம்பாசமுத்திரம்