வீட்டில் செய்த விஆர் பெட்டியில் படம் இரண்டாகத் தெரிகிறது: லென்ஸா, மட்டையா, போனா பிழை?

வெள்ளவத்தை_அறிவியல்:
வணக்கம். தரம் 9 பிள்ளைகளுக்காக 10 விஆர் (மெய்நிகர் காட்சி) பெட்டிகள் செய்ய வேண்டும். போனை உள்ளே வைத்து லென்ஸ் வழியாகப் பார்க்கும் மட்டைப் பெட்டியான கூகுள் காட்போட் மாதிரியில் முதலாவது முடிந்தது. டிவி வந்த தடித்த பெட்டி மட்டை, புத்தகக் கடையில் வாங்கிய 50 மி.மீ. விட்டமுள்ள இரண்டு பூதக்கண்ணாடி, 6.5 அங்குல போன். படம் மங்கல். இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் பக்கம் பக்கமாகப் படம் வரும் 3டி வீடியோ இரண்டாகவே தெரிகிறது, கண் நோகிறது. வேறு சில போன்களில் தலையைத் திருப்பினாலும் காட்சி திரும்புவதில்லை. எதை மாற்ற வேண்டும்?

கொட்டாஞ்சேனை_கைவினை:
முதலில் லென்ஸை மாற்றுங்கள். பெரிய பூதக்கண்ணாடியின் குவியத்தூரம் பொதுவாக 100 மி.மீ.க்கு மேல் போகும், இந்தப் பெட்டிக்கு அது உதவாது. தேவை 25 மி.மீ. விட்டம், 45 மி.மீ. குவியத்தூரம் உள்ள இருகுவிவு (இரு பக்கமும் புடைத்த) லென்ஸ், இரண்டும் ஒரே வகை. உருப்பெருக்கம் மட்டும் எழுதியிருந்தால் 250ஐ அதனால் வகுங்கள்: 5 மடங்கு என்றால் 50 மி.மீ., 6 மடங்கு என்றால் ஏறத்தாழ 42. கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடும்போது அளவுகோலும் வெள்ளைக் கடதாசியும் கையில் இருக்கட்டும். தூரத்துக் கட்டடத்தின் தலைகீழ் விம்பம் கடதாசியில் தெளிவாக விழும் இடத்தில், லென்ஸுக்கும் கடதாசிக்கும் உள்ள தூரமே குவியத்தூரம். அளந்து பார்க்காமல் 20 லென்ஸ் வாங்கிவிடாதீர்கள்.

டிவி பெட்டி மட்டை மடிப்பில் நேராக நிற்காது, மில்லிமீற்றர் கணக்கு பிசகிவிடும். பீட்சா பெட்டிக்குப் போடும் 1.5 மி.மீ. நெளிமட்டை சரி. மடிக்கும் கோட்டை மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கீறிவிட்டு மடியுங்கள்.

லென்ஸ் தட்டுக்கு மூன்று மட்டை. நடு மட்டையில் 25 மி.மீ. ஓட்டை, மேலும் கீழும் 23 மி.மீ. ஓட்டை. லென்ஸ் நடுவில் இறுகி நிற்கும், பசை கண்ணாடியில் படாது. இரண்டு லென்ஸ் மையங்களுக்கும் இடையில் 60 மி.மீ., லென்ஸிலிருந்து திரைக்கு 42 மி.மீ. இவை கூகுளின் முதல் காட்போட்டின் அளவுகள் என்பதால், பெட்டியின் அளவைச் செயலிக்குச் சொல்லும் அதன் கியூஆர் குறியை அப்படியே ஸ்கான் செய்யலாம். நடுவில் தடுப்பு மட்டை கட்டாயம், இல்லாவிட்டால் ஒரு கண் மற்றக் கண்ணின் படத்தையும் பார்க்கும். உட்பக்கம் முழுவதும் பளபளப்பில்லாத கறுப்புக் கடதாசி ஒட்டுங்கள்.

ஒளி_கணக்கு:
இரட்டைப் படத்துக்குக் காரணம் லென்ஸ் மட்டுமல்ல. 20:9 விகிதத்தில் 6.5 அங்குலத் திரையின் நீளம் ஏறத்தாழ 150 மி.மீ. பக்கம் பக்க வீடியோ திரை முழுவதும் ஓடும்போது இரண்டு படங்களின் மையங்களும் 75 மி.மீ. விலகி நிற்கும். கண்களோ ஏறத்தாழ 60 மி.மீ. இடைவெளியில் இருக்கின்றன. இரண்டு படத்தையும் ஒன்றாக்கக் கண்கள் வெளிப்பக்கம் விரிய வேண்டும், அது அவற்றுக்கு இயலாத வேலை. நோவும் அதனால்தான். வீடியோவை 120 மி.மீ. அகலத்துக்குச் சுருக்கக்கூடிய பிளேயரில் ஓட்டுங்கள், மையங்கள் 60 மி.மீ.க்கு வந்துவிடும். காட்போட் செயலிகள் கியூஆர் அளவைப் பார்த்து இதைத் தாமே சரிசெய்கின்றன. போனையும் நடுத்தடுப்புக்கு நேரே வையுங்கள்: 3 மி.மீ. விலகினாலும் தெரியும்.

தலை திரும்பியும் காட்சி திரும்பாத போன்களில் பெரும்பாலும் கைரோஸ்கோப் (சுழற்சியை உணரும் சென்சர்) இருக்காது. மலிவு போன்கள் பலவற்றில் அசைவையும் சாய்வையும் உணரும் முடுக்கமானி மட்டும்தான். சாம்சங் என்றால் *#0*# அழுத்தி சென்சர் பகுதியைப் பாருங்கள், மற்றவற்றுக்கு ஏதாவது சென்சர் செயலி போதும். பெட்டியை வெட்ட முன்னரே எல்லாப் போனையும் சோதித்துவிடுங்கள்.

வெள்ளவத்தை_அறிவியல்:
மிக்க நன்றி. கண்ணாடி போடும் பிள்ளைகளுக்கு என்ன செய்வது? செயலியில் தேர்வு செய்யப் பெட்டியில் வைக்கும் பொத்தானுக்குக் காந்தம் வேண்டுமா?

ஒளி_கணக்கு:
போன் இருக்கும் பகுதியைத் தீப்பெட்டி போல உள்ளே வெளியே நகரும் தட்டாகச் செய்யுங்கள். கிட்டப்பார்வை உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு டயொப்டருக்கு (கண்ணாடியின் பவர் அலகு) 2 மி.மீ. வீதம் திரையை லென்ஸுக்குக் கிட்ட நகர்த்தினால் போதும். -3 என்றால் 6 மி.மீ. ஆகவே 10 மி.மீ. ஓட இடம் விடுங்கள், தடுப்பு மட்டையையும் அந்தளவு குட்டையாக வெட்டுங்கள். தட்டை இரண்டு றப்பர் பாண்டால் இறுக்கலாம். சிதறல்பார்வைக்கு (அஸ்டிக்மாடிசம்) இது உதவாது, அவர்கள் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை_கைவினை:
காந்தம் வேண்டாம். 2014இல் வந்த காட்போட் அதைத்தான் வைத்தது, பல போன்களில் சரியாக வேலை செய்யவில்லை. 2015இல் வந்த பதிப்பு திரையைத் தொடும் நெம்புக்கு மாறியது. அடியில் விரல் போகும் ஒரு துளை விட்டாலே போதும்.

தலைப்பட்டி போடாதீர்கள். கையால் பிடிக்கும்போது உடம்போடு சேர்ந்து மெதுவாகத் திரும்புவார்கள், தலைசுற்று குறையும். ஒருவருக்கு ஐந்து நிமிடம், கதிரையில் இருந்தபடி. கொழும்புப் புழுக்கத்தில் நெற்றி படும் மட்டை வியர்வையில் ஊறிவிடும், அந்த ஓரத்துக்கு அகலமான செலோடேப் ஒட்டினால் துடைத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்கலாம். முடிந்ததும் வெயில் விழும் ஜன்னலோரத்தில் வைக்க வேண்டாம், லென்ஸ் வெயிலைக் குவித்துத் திரையைச் சுட்டுவிடும்.